பொம்மைகள் நடிக்கும் ‘அவென்யூ கியூ’ ஏன் பெரியவர்களுக்கான நாடகம்?

‘அவென்யூ கியூ’ நியூயார்க்கில் உருவான இசை நகைச்சுவை நாடகம். பொம்மையை ஆட்டுபவர் திரைக்குப் பின்னால் ஒளிந்திருக்க மாட்டார். மேடையில் கூடவே நின்று பாடுவார். பேசுவதெல்லாம் வேலையின்மை, காமம், இனப் பாகுபாடு.

வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் குழந்தை பட்டென்று உண்மையைப் போட்டு உடைத்தால் யாருக்கும் கோபம் வராது, சிரிப்புதான் வரும் இல்லையா? பொம்மைக்கும் அதே சலுகை. நாம் சொல்லக் கூசுவதை அது சொல்லிவிடுகிறது.

இந்த நாடகத்தின் நாயகன், கையில் கல்லூரிப் பட்டம் இருந்தும் வழி தெரியாத இளைஞன். அவனுடைய தவிப்பு எந்த ஊருக்கும் புரியும். 2003-இல் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளான பிராட்வேக்கு வந்து, 2004-இல் சிறந்த இசை நாடகத்துக்கான டோனி விருதை (அமெரிக்க நாடக உலகின் உயரிய விருது) வென்று, 2006-இல் லண்டனுக்கும் போனதற்கு அதுவே முக்கியக் காரணம் என்பேன்.

அப்புறம், ‘செசமி ஸ்ட்ரீட்’ என்ற அமெரிக்கக் குழந்தைகள் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வரும் பொம்மைகளின் சாயல் இருந்தாலும், இது அந்த நிகழ்ச்சிக்காரர்கள் தயாரித்ததல்ல.