கிராஃபிங் கல்குலேட்டரில் பை (π) எங்கே? 22/7 அடித்தால் போதாதா?

கேள்வி: கிளிநொச்சியில் உயர்தரம் படிக்கிறேன். கனடாவிலிருந்து டீ.ஐ-84 பிளஸ் ஒன்று வந்திருக்கிறது. பையை எப்படி எடுப்பது?

செகண்ட் பொத்தானை அழுத்திவிட்டு ^ பொத்தானை அழுத்துங்கள். அதன் மேலே சின்னதாகப் பைக் குறி இருக்கும். என்டர் தட்டினால் 3.141592654 என்று வரும். அது திரைக்காக மட்டந்தட்டியது, உள்ளே 3.1415926535898 என்று வைத்துத்தான் கணிக்கிறது. பையிலிருந்து 3.141592654 ஐக் கழித்துப் பாருங்கள், பூச்சியம் வராது.

22/7 எல்லா இடத்திலும் பிழையல்ல. வட்டக்கச்சிப் பக்கத்துத் தோட்டக் கிணறு ஒன்று, உள்விட்டம் 15 அடி, தண்ணீர் 10 அடி என்று வையுங்கள். ஆரை 7.5, ஆகவே பை × 7.5² × 10 = 1767.15 கன அடி. கன அடிக்கு 28.3168 லீட்டர்படி ஏறக்குறைய 50,040 லீட்டர். 22/7 போட்டால் 20 லீட்டர்தான் கூடும். விட்டத்தை அளக்கும்போது நாடா ஓர் அங்குலம் பிசகினாலோ 550 லீட்டருக்கு மேல் மாறிவிடும். கிணற்றுக்கு நாடாவைத்தான் கவனமாகப் பிடிக்க வேண்டும்.

சைன், கோசைன் என்று வந்தால் கதை வேறு. ஆரையனில் (ரேடியனில்) சைன்(பை) 0 தரும்; சைன்(22/7) -0.001264489 தரும். வளையி அச்சை வெட்டும் இடமே தள்ளிப்போய்விடும். அதோடு மோட் திரையில் ரேடியன் தெரிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். டிகிரியில் கிடந்தால் சைன்(பை) 0.0548036651 என்று வரும். கல்குலேட்டர் பழுதில்லை, அது 3.14 பாகையின் சைன். வரைபுக்கு விண்டோ திரையில் எக்ஸ்மேக்ஸ் (கிடை அச்சின் வலது எல்லை) இடத்தில் 2பை என்றே அடிக்கலாம், 6.283185307 ஆக அதுவே மாற்றிக்கொள்ளும். எக்ஸ்ஸ்கேலில் பை/2 போட்டால் அச்சுக் குறிகள் வளையியின் உச்சிகளுக்கு நேரே விழும்.

அதிகம் பேர் மாட்டுவது அடைப்புக்குறியில். 1/2பை என்று அடித்தால் இந்தக் கருவி முதலில் 1ஐ 2ஆல் வகுத்து, பிறகு பையால் பெருக்கி 1.570796327 தரும். கேசியோ எஃப்எக்ஸ்-சிஜி50 என்ற இன்னொரு கிராஃபிங் கல்குலேட்டரில் அதையே அடித்தால் 0.1591549431. நண்பரின் விடையும் உங்களுடையதும் ஒத்துவராவிட்டால் முதலில் இதைப் பாருங்கள். 1/(2பை) என்று அடித்தால் இரண்டிலும் ஒரே விடை.

இயற்கை மடக்கையின் அடியான இ, செகண்டும் வகுத்தல் பொத்தானும். செகண்டும் கமாவும் தருவது இ அல்ல, பத்தின் வலு. அங்கே 2ஈ3 என்றால் 2000.