தோட்டத்துக் கேள்விகள்: பொடிக்கிழங்கை விதைக்கு வைக்கலாமா?

தாளவாடியிலிருந்து ஒரு வாசகர்: ஐயா, மூன்று ஏக்கரில் குப்ரி ஜோதி ரக உருளைக்கிழங்கு போட்டிருக்கிறேன். மூன்று வருடமாக என் சொந்த விதைக்கிழங்கைத்தான் நடுகிறேன். இந்தத் தடவை அங்கங்கே செடி குட்டையாகி, அடி இலை மேல்பக்கமாகச் சுருள்கிறது. இரண்டு முறை மருந்தடித்தும் மாறவில்லை. எந்த மருந்து கேட்கும்?

எந்த மருந்தும் கேட்காதுங்க தம்பி. அடுத்த டப்பாவுக்குக் காசு கொடுப்பதற்கு முன்னால் இது உங்களுக்குத் தெரிந்துவிட வேண்டும்.

சுருண்ட அடி இலையைக் கையில் பிடித்து அழுத்திப் பாருங்கள். தோல் மாதிரி விறைத்து, சரசரவென்று சத்தம் வந்தால் அது பெரும்பாலும் இலைச்சுருள் வைரஸ். வெயிலுக்குச் சுருள்வது என்றால் காடு முழுக்க ஒரே மாதிரி இருக்கும். ஒரு செடி சுருண்டு அடுத்த செடி நன்றாக நின்றால் நோய் விதைக்கிழங்கோடு வந்திருக்கிறது. அடி இலையில் தொடங்கியிருப்பதும் அதற்குத்தான் அடையாளம். இந்தப் போகத்தில் அசுவினி, அதுதான் இலைச்சாற்றை உறிஞ்சும் சின்னப் பூச்சி, கொண்டுவந்து ஏற்றியிருந்தால் நுனி இலையில்தான் முதலில் தெரிந்திருக்கும்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் அம்மா ஞாபகம் வந்தது. 1990-களில் நானும் என் மச்சானும் தாளவாடியில் கூட்டாக உருளைக்கிழங்கு பண்ணையம் பார்த்தோம். கிழங்கு தோண்டியதும் பெருவெட்டையும் நடுத்தரத்தையும் மேட்டுப்பாளையம் மண்டிக்கு மூட்டை பிடித்து அனுப்புவோம். விலை போகாத பொடிக்கிழங்கை அம்மா ஒன்று விடாமல் பொறுக்கி, விதைக்கென்று திண்ணையில் பரப்பி வைப்பார். நல்ல காசு வரும் கிழங்கை மண்ணில் புதைக்க யாருக்கு மனசு வரும்? முதல் வருடம் தெரியவில்லை. நான்காம் போகத்தில் திம்பம் மலைப்பாதை இறங்கிய லாரிக்கு வாடகை கொடுத்தது போக ஒன்றும் மிஞ்சவில்லை. மண் செத்துவிட்டது என்று எருவுக்கு மேல் எருவாகக் கொட்டினோம்.

மண்ணில் ஒரு குறையும் இல்லை. வைரஸ் பிடித்த செடி பெரிய கிழங்கு வைக்காது, பொடியாகத்தான் வைக்கும். பொடிக்கிழங்கை விதைக்கு ஒதுக்கினால், நோய்ச்செடியைத் தேடிப் பிடித்து அடுத்த வருடத்துக்கு எடுத்து வைத்த கணக்கு. அம்மா சிக்கனமாக இருந்தார், அவ்வளவுதான். எங்களுக்கு இதைச் சொல்ல அன்றைக்கு ஆள் இல்லை. அதனால்தான் உங்களிடம் இத்தனை அழுத்திச் சொல்கிறேன்.

இப்போதைக்கு நோய்ச்செடிகளை அடிக்கிழங்கோடு பிடுங்கி, சாக்குக்குள் போட்டுக் கட்டி வெளியே கொண்டுபோய்விடுங்கள். வரப்பில் வீச வேண்டாம். அப்புறம், நன்றாக நிற்கும் செடிகளில் ஒரு முந்நூறைப் பூ விடும் பருவத்தில் தேர்ந்தெடுத்துப் பக்கத்தில் குச்சி நட்டு வையுங்கள். இரண்டு வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். சுருளோ தேமலோ (இலையில் திட்டுத்திட்டாக நிறம் வெளுப்பது) தெரிந்தால் குச்சியைப் பிடுங்கிவிடுங்கள். மிஞ்சிய செடிகளைத் தனியாகத் தோண்டி, நிறையக் கிழங்கு வைத்த செடியிலிருந்து மட்டும் விதை எடுங்கள். அதில் 30 முதல் 50 கிராம் வரை உள்ள கிழங்கை வெட்டாமல் முழுதாக நடுங்கள். கத்தி வழியாகவும் கை வழியாகவும் பரவுகிற எக்ஸ் வைரஸ் என்று இன்னொன்று இருக்கிறது.

மருந்து பற்றியும் கேட்டீர்கள். இலைச்சுருள் வைரஸை ஏற்ற அசுவினி செடியில் நெடுநேரம் உட்கார்ந்து உறிஞ்ச வேண்டும். ஆகையால் ஆரம்பத்திலேயே அசுவினியைக் கட்டுப்படுத்தினால் நல்ல செடிகளுக்குப் பரவுவது குறையும். தேமல் தரும் ஒய் வைரஸ் அப்படி இல்லை. அசுவினி இலையில் ஒரு தடவை குத்திப் பார்த்தாலே போதும், சில நொடியில் ஏறிவிடும். மருந்து அசுவினியைக் கொல்வதற்குள் வேலை முடிந்துவிடும். ஓரத்தில் நான்கைந்து வரிசை மக்காச்சோளமோ சோளமோ விட்டால் பறந்து வரும் அசுவினி முதலில் அதில் குத்தும். வாயில் ஒட்டியிருக்கும் ஒய் வைரஸ் அங்கேயே கழன்றுவிடும். தக்காளி, மிளகாய், புகையிலைக்கும் இந்த வைரஸ் வரும். பக்கத்துக் காட்டில் அவை இருந்தால் அங்கேயும் ஒரு கண் வையுங்கள்.

வடக்கே சமவெளியில், விதைக்கென்று விட்ட காட்டில் 100 கூட்டிலைக்கு (ஒரே காம்பில் பல சிற்றிலை சேர்ந்த முழு இலை) 20 அசுவினி சேருவதற்குள் தழையை அறுத்துவிடுவார்கள். கிழங்குக்கு வைரஸ் இறங்குவதற்கு முன்னால் வழியை அடைப்பது அது. 1960-களில் இந்தியாவிலேயே உருவான முறை. நீங்களும் விதைக்கு விட்ட பகுதியில் வாரம் ஒரு நாள் இலையைத் திருப்பி எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்று. பக்கத்தில்தானே இருக்கிறது என்று ஊட்டி விதையை வாங்கி வந்துவிடாதீர்கள். நீலகிரியில் 1961-ல், உருளையின் வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. அதனால் அங்கிருந்து விதைக்கிழங்கை வெளியே கொண்டுவரத் தடை இருக்கிறது. அந்தப் புழு ஒரு தடவை மண்ணில் இறங்கினால் பல வருடம் போகாது.

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி: வைரஸ் வந்த செடியின் கிழங்கைக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடுங்கள், அம்மிணி. செடியின் வைரஸ் மனிதரைத் தொடாது. பச்சை நிறம் ஏறிய கிழங்கைத்தான் ஒதுக்க வேண்டும். அது வெளிச்சம் பட்டதால் வரும் நச்சு.

பொள்ளாச்சியிலிருந்து வேளாண் படிக்கும் மாணவர்: வைரஸே வராத ரகத்தை ஏன் இன்னும் கொண்டுவரவில்லை? உருளைச் செடியில் காய்க்கும் காயிலிருந்து விதை எடுத்து நானே முயலலாமா?

வைரஸைத் தாங்கும் மரபணுக்கள் இருக்கின்றன, தம்பி. மெக்சிகோவில் வளரும் சோலனம் ஸ்டோலோனிஃபெரம் என்ற காட்டு உருளையிலும், ஆண்டிஸ் மலைப் பழைய ரகங்களிலும் ஒய் வைரஸை அடியோடு தடுக்கும் மரபணு கிடைத்தது. எக்ஸ் வைரஸுக்கும் அப்படி ஒன்று உண்டு. கஷ்டம் அதற்குப் பிறகுதான். நாம் நடும் உருளையில் 48 குரோமோசோம்கள், நான்கு செட். அந்த மரபணு ஒரு செட்டில் மட்டும் இருந்தால், தாங்காத ரகத்தோடு கலப்பு செய்யும்போது பாதிப் பிள்ளைகளுக்குத்தான் போகும். அந்தப் பாதியிலும் விளைச்சல், கிழங்கின் வடிவம், இலைக்கருகல் தாங்குவது எல்லாம் சேர்ந்து அமைய வேண்டும். ஒரு ரகம் வெளிவரப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். இப்போது நாற்றின் ஒரு இலையிலேயே மரபணு இருக்கிறதா என்று சோதித்துவிட முடிவதால் கழிக்கும் வேலை சீக்கிரம் முடிகிறது.

அதோடு, ஒன்றைத் தாங்கினால் எல்லாவற்றையும் தாங்கும் என்று இல்லை. குப்ரி ஜோதி 1968-ல் வந்தது இலைக்கருகலைத் தாங்குவதற்காக, வைரஸுக்காக இல்லை. வெள்ளை ஈ பரப்பும் நுனிச்சுருள் நோய் குப்ரி பஹாரில் குறைவு, ஆனால் அது வட இந்தியச் சமவெளிக்கான ரகம். நம் பக்கத்துக் குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியைப் பாருங்கள். தேமல் நோயால் ராசிபுரம், ஆத்தூர்க் காடுகள் எவ்வளவு அடிபட்டன! அதைத் தாங்கும் ஸ்ரீ ரக்ஷா ரகத்தைத் திருவனந்தபுரத்துக் கிழங்கு ஆராய்ச்சி நிலையம் கொடுத்திருக்கிறது. உருளைக்கும் அந்த வேலை நடக்கிறது. நீங்களும் அதில் ஒரு நாள் சேர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

காயிலிருந்து கட்டாயம் முயலுங்கள். ஒய் வைரஸும் இலைச்சுருள் வைரஸும் பூவிதை வழியாக இறங்குவதில்லை. காயை வாயில் வைத்துவிடாதீர்கள், அது நச்சு. விதையைக் கழுவிக் காயவைத்துத் தொட்டியில் தூவுங்கள். ஒவ்வொரு நாற்றும் ஒவ்வொரு விதமாக இருக்கும். முதல் போகத்தில் கோலிக்குண்டு அளவுக்குத்தான் கிழங்கு வரும். சலிக்காமல் ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி ஒட்டித் தனித்தனியாக நடுங்கள். அடுத்த போகத்தில் எந்த எண் தெளிவாக நின்றது என்று எனக்கு எழுதுங்கள்.