குளோஸ் கிரிப் பெஞ்ச் பிரஸ்: பிடி எங்கே, முழங்கை எங்கே?

கேள்வி: குளோஸ் கிரிப் பெஞ்ச் பிரஸில் (பெஞ்சில் மல்லாந்து படுத்து, எடைக் கம்பியான பாரை நெருக்கிப் பிடித்துத் தள்ளும் பயிற்சி) இரண்டு கைக்கும் நடுவில் ஒரு சாண்கூட விடாமல் பிடித்தால்தான் ட்ரைசெப்ஸுக்கு (மேற்கையின் பின்பக்கத் தசை) வேலை என்கிறார் ஜிம் மாஸ்டர். அப்படிப் பிடித்தால் மணிக்கட்டு வலிக்கிறது. என்ன செய்யலாம்?

பெயரில் 'குளோஸ்' இருப்பதால் வந்த வினை இது. தோள் அகலத்துக்குப் பிடித்தாலே போதும். பலருக்கு அது 35 முதல் 45 செ.மீ. வரை வரும். பாரின் நடு வழவழப்பு முடிந்து சொரசொரப்பு தொடங்கும் இடத்தில் சுட்டுவிரலை வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் சரியாக இருக்கும்.

அதைவிடக் குறுக்கினால், பார் கீழே வரும்போது முழங்கைகள் வெளியே விரியும், மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கம் மடங்கும். வலி அங்கேதான் பிறக்கிறது. பாரும் தராசுத்தட்டு மாதிரி இரு பக்கமும் ஆடும். நண்பர் ஒருவரை உங்கள் கால்மாட்டில் நிற்கச் சொல்லுங்கள். பார் நெஞ்சைத் தொடும்போது மணிக்கட்டு முழங்கைக்கு நேர் மேலே இருந்தால் பிடி சரி. முழங்கை வெளியே தள்ளி நின்றால் கையை விரல் விரலாக அகட்டுங்கள். பாரை விரல்களின் அடியில் தொங்கவிடாமல், உள்ளங்கையின் கீழ் மேட்டில் அமர்த்துங்கள்.

கேள்வி: முழங்கையை விலாவோடு ஒட்டியே வைக்க வேண்டுமா?

வேண்டாம். உடம்பிலிருந்து 30 முதல் 45 டிகிரி விலகியிருக்கட்டும். ஒரேயடியாக ஒட்டினால் பார் வயிற்றுப் பக்கம் இறங்கி, முன்தோளில் சுமை ஏறும். தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் இறுக்கி, பாதத்தைத் தரையில் ஊன்றி, இரண்டு விநாடியில் பாரை இறக்குங்கள். மார்க்காம்புக்குச் சற்றுக் கீழே தொட்டதும், லேசாகத் தோளை நோக்கி மேலே தள்ளுங்கள். நெஞ்சில் மோதி எகிறவிடக் கூடாது.

கேள்வி: சாதாரண பெஞ்ச் பிரஸில் 60 கிலோவுக்கு 8 ரெப் (ஏற்றி இறக்கும் முறை) போடுகிறேன். இதில் எவ்வளவு?

45 கிலோவில் தொடங்குங்கள். 20 கிலோ பாரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன் (பலர் பிளேட்டை மட்டும் எண்ணுகிறார்கள்). அதாவது பக்கத்துக்கு 12.5 கிலோ. 8 ரெப் வீதம் 3 செட் (சுற்று), நடுவில் 2 நிமிட ஓய்வு. மூன்று செட்டிலும் 10 ரெப் நிதானமாக வந்த பிறகு மொத்தம் 2.5 கிலோ கூட்டுங்கள்.

கேள்வி: ஸ்கல் கிரஷர் (படுத்தபடி முழங்கையை மட்டும் மடக்கி, பாரை நெற்றிப் பக்கம் இறக்கி ஏற்றுவது) செய்தால் முழங்கை வலிக்கிறது. அதை விட்டுவிட்டு இதை மட்டும் செய்யலாமா?

தாராளமாக. ஸ்கல் கிரஷரில் அசைவது முழங்கை மட்டும்தான், சுமையெல்லாம் அதன் தசைநாணில் விழுகிறது. இங்கே தோளும் பங்கு போட்டுக்கொள்கிறது. ஆனால் ட்ரைசெப்ஸின் மூன்று பகுதிகளில் ஒன்றான நீளத் தலை தோள்பட்டை எலும்பில் தொடங்குகிறது, அதை இந்தப் பயிற்சி சரியாக நீட்டாது. வலி அடங்கியதும், கை தலைக்கு மேலே இருக்கும்படி கேபிள் எக்ஸ்டென்ஷனை (கேபிள் மெஷினில் முழங்கையை மடக்கி நீட்டுவது) குறைந்த எடையில் 12 முதல் 15 ரெப் சேர்த்துக்கொள்ளுங்கள். வீக்கமோ, கையை நீட்டித் தள்ளும்போது பலவீனமோ இருந்தால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: ஸ்பாட்டர் (பக்கத்தில் நின்று பாரைத் தாங்க உதவுபவர்) இல்லாமல் தனியாகச் செய்கிறேன்.

பவர் ரேக்குக்குள் (பாரைத் தாங்கும் கம்பிகள் கொண்ட இரும்புச் சட்டம்) செய்யுங்கள். நெஞ்சை நிமிர்த்தும்போது பார் தொடாத, முதுகைத் தளர்த்தினால் பார் தங்கிவிடுகிற உயரத்தில் பாதுகாப்புக் கம்பிகளை வையுங்கள். வெறும் பாரில் ஒருமுறை ஒத்திகை பார்த்துவிடுங்கள். ரேக் இல்லையா, பிளேட்டைப் பிடித்து நிறுத்தும் கிளிப்பை மாட்டாதீர்கள். பாரின் அடியில் சிக்கிக்கொண்டால் அதைச் சாய்த்துப் பிளேட்டைச் சரியவிடலாம். கட்டைவிரல் எப்போதும் பாரைச் சுற்றியே இருக்கட்டும்.

கேள்வி: ஜே.எம். பிரஸ் என்பதும் இதுதானா?

இல்லை. அமெரிக்க பவர்லிஃப்டர் ஜே.எம். பிளேக்லி பெயரில் வந்தது அது. பாதி பிரஸ், பாதி ஸ்கல் கிரஷர். பார் கழுத்துப் பக்கம் இறங்கும், முழங்கை முன்னோக்கிப் போகும். முழங்கை வலி உள்ளவர்களுக்கு ஆகாது. மற்றவர்கள் குளோஸ் கிரிப் எடையில் பாதியோடு தொடங்கலாம்.