வெள்ளை அணு தானம்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

என் அக்கா மகனுக்கு ரத்தப் புற்றுநோய். கீமோவுக்கு அப்புறம் காய்ச்சல் விடவே இல்லை. வெள்ளை அணு டோனர் கொண்டுவரச் சொல்கிறார்கள். பிளேட்லெட் கொடுப்பது மாதிரிதானே?

மெஷின் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் அதில் போய் உட்காருவதற்கு முன்னால் நடப்பது வேறு. முதல் நாள் சாயங்காலமே டோனருக்கு ஜி-சிஎஸ்எஃப் என்ற, வெள்ளை அணுவை ஏற்றிவிடும் ஊசி போட்டு, டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும் கொடுப்பார்கள். எலும்பு மஜ்ஜையில் இருக்கும் நியூட்ரோபில்கள், அதாவது தொற்றோடு சண்டை போடும் வெள்ளை அணுக்கள், ராத்திரியோடு ராத்திரியாக ரத்தத்துக்கு இறங்கிவிடும். சாதாரணமாக ஒரு மைக்ரோலிட்டரில் சில ஆயிரம் இருப்பவை காலையில் 20,000, 30,000 என்று நிற்கும். இப்படி ஏற்றிவிடாமல் எடுத்தால் பெரியவர் ஒருவருக்குப் போதுமான அளவு தேறாது.

ரத்தப் பரிசோதனைக்கான சாம்பிளை ஊசிக்கு முன்பே எடுத்துவிடச் சொல்லுங்கள். எடுத்த செல்களுக்கு ஆயுள் 24 மணி நேரம்தான், ரிசல்ட்டுக்காகப் பை காத்துக் கிடக்கக் கூடாது. ஒரு டோனரோடு வேலை முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொற்று அடங்கும் வரை, இல்லை சொந்தமாக அணுக்கள் ஏறும் வரை தினமும் ஏற்ற வேண்டிவரலாம், அதனால் அதே குரூப்பில் நாலைந்து பேரையாவது இப்போதே பேசி வையுங்கள்.

வெள்ளை அணு என்றார்கள், பை சிவப்பாக வந்ததே?

அப்படித்தான் வரும். நியூட்ரோபிலும் சிவப்பணுவும் அடர்த்தியில் நெருக்கமானவை, சுழற்றினால் மட்டும் நன்றாகப் பிரியாது. அதனால்தான் ஹைட்ராக்சிஎத்தில் ஸ்டார்ச் என்ற திரவத்தைச் சேர்க்கிறார்கள். சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சீக்கிரம் கீழே இறங்கும். அப்படியும் கொஞ்சம் கலந்துதான் வரும், ஆகவே குரூப் பொருந்த வேண்டும், இரண்டு பேர் ரத்தமும் ஒத்துப்போகிறதா என்று கிராஸ்மேட்ச் பார்த்தாக வேண்டும்.

வார்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. புற்றுநோய் நோயாளி என்றதும் கை பழக்கத்தில் லூக்கோசைட் ஃபில்டரை மாட்டிவிடாதீர்கள். அந்த ஃபில்டரின் வேலையே வெள்ளை அணுவைப் பிடித்து நிறுத்துவது, இத்தனை பேர் பட்ட பாடும் அதில் சிக்கிக்கொள்ளும். சாதாரண ரத்தம் ஏற்றும் செட் போதும். பை 25 கிரே கதிர்வீச்சு கொடுத்து வந்ததா என்று லேபிளில் பாருங்கள். அது இல்லாவிட்டால் டோனரின் லிம்ஃபோசைட்டுகள் (இன்னொரு வகை வெள்ளை அணு) நோயாளியின் உடம்பையே தாக்க வாய்ப்புண்டு, சொந்தக்காரர் ரத்தத்தில் அந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

ஊசி போட்டால் டோனருக்குப் பின்னால் கேன்சர் வருமா?

ஸ்டெம்செல் கொடுப்பவர்களுக்கும் இதே ஊசிதான், அதுவும் நாலைந்து நாள் தொடர்ந்து. வருடக்கணக்கில் அவர்களைக் கவனித்ததில் ரத்தப் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. உடனே வரும் தொல்லை என்றால் இடுப்பு, முதுகு எலும்பில் குடைச்சல், தலைவலி, அந்த மாத்திரையால் தூக்கமில்லாத ஒரு ராத்திரி. பாரசிட்டமால் போதும். மெஷினில் இரண்டு மூன்று மணி நேரம் படுத்திருக்கும்போது உதட்டைச் சுற்றி மரத்தால் உடனே டெக்னீஷியனிடம் சொல்லுங்கள், ரத்தம் உறையாமல் இருக்க மெஷினில் சேர்க்கும் சிட்ரேட் உடம்பில் கால்சியத்தைக் குறைக்கிறது, வேகத்தைக் குறைத்தால் சரியாகிவிடும். சர்க்கரை, வயிற்றுப் புண் இருப்பவர்கள் அதை மறைக்காதீர்கள். நோயே இல்லாத ஒருவர் இன்னொருவருக்காக மருந்து எடுத்துக்கொள்கிறார், வேண்டாம் என்று சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. சொந்தக்காரர்கள் கூடி நின்று நெருக்குவது எனக்குப் பிடிக்காத விஷயம்.

தம்பியே கொடுக்கலாமா?

அதே தம்பியிடமிருந்து மஜ்ஜை மாற்று செய்யும் எண்ணம் இருந்தால் வேண்டாம். முன்கூட்டியே அவருடைய செல்களுக்கு எதிராக நோயாளியின் உடம்பு தயாராகிவிடும்.

இதனால் உண்மையிலேயே பயன் உண்டா?

நேரடியான ஆமாம் கிடையாது. 1960களில் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் ஃப்ரைரைக்கின் குழுவினர் நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயாளிகளையே டோனராக வைத்துத் தொடங்கினார்கள், அவர்களிடம்தான் வெள்ளை அணு மலிந்து கிடந்தது. 2015இல் வெளியான அமெரிக்காவின் ரிங் ஆய்வில் 114 பேர். ஏற்றியவர்களுக்கும் ஏற்றாதவர்களுக்கும் மொத்தத்தில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் நினைத்த அளவு செல் கிடைக்காதவர்களும் அதில் இருந்தார்கள், அதிக அளவு கிடைத்தவர்கள் குறைவாகக் கிடைத்தவர்களைவிட நன்றாகவே தேறினார்கள். என் கணக்கு இதுதான்: மருந்துக்கு அடங்காத பாக்டீரியா அல்லது பூஞ்சைத் தொற்று, இன்னும் சில நாளில் சொந்த அணுக்கள் திரும்பும் என்ற நம்பிக்கை, இரண்டும் இருந்தால் முயற்சி செய்யலாம். மஜ்ஜை தேறவே வழியில்லை என்றால் டோனர்களை அலைக்கழிப்பதில் அர்த்தம் குறைவு.

பூஞ்சைத் தொற்றுக்கான ஆம்ஃபோடெரிசின் மருந்து ஓடிக்கொண்டிருக்கிறது, கூடவே ஏற்றலாமா?

சேர்த்து வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் நுரையீரல் பாதிக்கும் என்று பழைய ஆய்வு ஒன்று சொன்னது, பின்னால் வந்தவை அதை உறுதிப்படுத்தவில்லை. இருந்தாலும் நாலு மணி நேரமாவது இடைவெளி விட்டு ஏற்றுவதுதான் வழக்கம்.