இருதய பைபாஸ் சத்திரசிகிச்சை முடிந்து கொழும்பு வைத்தியசாலையில் இருக்கும் நண்பருக்கு எவ்வாறு துணையாக இருக்கலாம்?

உங்கள் நண்பர் மட்டக்களப்பைச் சேர்ந்தவர் என்றும், அவருடன் மனைவி மட்டுமே கொழும்புக்கு வந்திருக்கிறார் என்றும், அவரை இப்போது தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து சாதாரண வார்ட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். மாலையில் வேலை முடிந்து போய்க் கட்டிலருகே நிற்பதைத் தவிர வேறென்ன செய்வதென்று தெரியவில்லை என்பது உங்கள் கேள்வி. நான் வைத்தியர் அல்லன். ஆனால் என் நெருங்கிய நண்பர் ஒருவருக்குக் கொழும்பிலுள்ள அரச வைத்தியசாலை ஒன்றில் இதே சத்திரசிகிச்சை நடந்தபோது வீடு திரும்பும்வரை கூட இருந்தவன் என்ற வகையில் இதை எழுதுகிறேன். கட்டிலருகே செய்யவேண்டியவற்றில் பெரும்பகுதியைத் தாதியர்கள் செய்துவிடுவார்கள். நண்பனுக்குரிய வேலை பெரும்பாலும் வார்ட்டுக்கு வெளியேதான் கிடக்கிறது.

முதலில் அவருடைய மனைவியைக் கவனியுங்கள். இனிவரும் வாரங்களில் அவரைத் தூக்கி நிறுத்தப்போகிறவர் அந்தப் பெண்தான், ஆனால் நடைபாதை வாங்கில் ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டும் சாப்பிடாமலும் உட்கார்ந்திருப்பவரும் அவராகவே இருப்பார். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தெரிந்தவர் வீட்டில் அல்லது ஒரு லொட்ஜில் அவருக்கு இடம் பார்த்துக் கொடுங்கள். தேசிய வைத்தியசாலை என்றால் வெள்ளவத்தையிலிருந்து கரையோர ரயிலில் மருதானையில் இறங்கிப் போகலாம் என்பதை ஒருநாள் கூடவே போய்க் காட்டிவிடுங்கள். முச்சக்கரவண்டிக்குக் கொடுக்கும் காசு மிச்சமாகும். ஆண்கள் வார்ட்டில் பெண்களை இரவில் தங்க விடாத இடங்கள் பல உண்டு. துணைக்கு ஆள் வேண்டுமா என்று வார்ட்டில் கேட்டு, வேண்டுமென்றால் நீங்களும் இன்னும் ஓரிருவரும் முறைவைத்துத் தங்குங்கள். "அக்கா, இரவைக்கு நான் நிக்கிறன், நீங்கள் போய்ப் படுங்கோ" என்ற ஒரு வசனம், நீங்கள் கொண்டுபோகும் எந்தப் பழக்கூடையையும்விட அந்தக் குடும்பத்துக்குப் பெறுமதியானது.

அடுத்தது தொலைபேசி. நம்மவர்களில் ஒருவருக்கு வருத்தம் என்றால் ரொறொன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் நேரம் காலம் பாராமல் அழைப்பு வரும், அதிலும் வீடியோவில் முகத்தைப் பார்த்தாக வேண்டும் என்பார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் நெஞ்செலும்பைப் பிளந்து கம்பியால் கட்டியிருக்கும் ஒரு மனிதர் ஒரே கதையை ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. எனவே ஒரு வாட்ஸ்அப் குழுவை அமைத்து, நாளுக்கு ஒருமுறை இரண்டு வரி நீங்களே போடுங்கள். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதை மட்டும் முன்கூட்டி நண்பரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நேரில் வருகிறவர்களையும் அவ்வாறே ஒழுங்குபடுத்த வேண்டும். தடிமனோ இருமலோ உள்ளவர் வரக்கூடாது, வருகிறவர் கையைக் கழுவ வேண்டும், கட்டிலில் உட்காரக்கூடாது. "எங்கட பெரியப்பாவுக்கும் இதுதான் செய்தவங்கள், பிறகு..." என்று தொடங்குகிறவரைத் தேநீர் குடிக்க வெளியே அழைத்துக்கொண்டு போய்விடுங்கள்.

கட்டிலருகே உங்களால் உண்மையிலேயே ஆகக்கூடிய வேலையும் ஒன்று இருக்கிறது. இச்சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஆழமாக மூச்சிழுக்கவும் இருமிச் சளியை வெளியேற்றவும் நோயாளி பயப்படுவார், ஏனென்றால் ஒவ்வொரு இருமலும் நெஞ்சைப் பிளப்பதுபோல வலிக்கும். ஆனால் இருமாவிட்டால் சளி நுரையீரலின் அடியில் தேங்கி, நிமோனியா வரை கொண்டுபோய்விடலாம். அதனால்தான் மூன்று பந்துகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்து, மூச்சை உள்ளிழுத்துப் பந்துகளை மேலே எழுப்பச் சொல்கிறார்கள். என் நண்பர் ஒரு சிறிய தலையணையை இரு கைகளாலும் நெஞ்சோடு இறுக்கி அணைத்துக்கொண்டு, கண்ணை மூடி, ஒருமுறை இருமிவிட்டு நெற்றி வியர்க்கச் சாய்ந்துகொள்வார். பிசியோதெரபி செய்பவர் காட்டிக்கொடுத்த முறை அது, வெட்டுக்காயத்துக்கு அந்த அணைப்பு பெரிய தாங்குதல். அவர்கள் சொல்லிவிட்டுப் போன எண்ணிக்கையை ஞாபகப்படுத்துவதும், இரண்டாவது பந்து எழுந்ததா மூன்றாவது எழுந்ததா என்று வேடிக்கையாகப் பந்தயம் பிடிப்பதும் உங்கள் பொறுப்பாக இருக்கட்டும். எழுந்து நடக்கச் சொன்னால் நடக்கவே வேண்டும், ஏனெனில் அசையாமல் கிடந்தால் காலில் இரத்தம் உறையும் அபாயம் கூடுகிறது. எழும்பும்போது மட்டும் கையை ஊன்றித் தள்ளவோ, அவருடைய கையைப் பிடித்து நீங்கள் இழுக்கவோ கூடாது, அந்த விசை நேராக நெஞ்செலும்பில்தான் போய் விழும்.

வலியைப் பொறுத்துக்கொள்வது ஆண்மை என்று நம்மில் பலர் வளர்க்கப்பட்டிருக்கிறோம். வலிக்கிறது என்று சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பவர் மூச்சையும் அடக்கிக்கொண்டுதான் கிடப்பார் என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். சிங்களம் தெரியாதவர் என்றால் மௌனம் இன்னும் கூடிவிடும். வைத்தியர்களில் தமிழ் பேசுவோர் பலர் இருந்தாலும், நள்ளிரவில் வருகிற தாதிக்குத் தமிழ் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு கடதாசியில் தமிழ் எழுத்தில் "மிஸ், ரிதெனவா" என்றால் வலிக்கிறது, "ஹுஸ்ம கன்ன அமாருய்" என்றால் மூச்செடுக்கக் கஷ்டம் என்று எழுதித் தலைமாட்டில் வைத்துவிடுங்கள். வைத்தியர் சுற்றுக்கு வரும் வேளையில் கேட்கவேண்டிய கேள்விகளையும் முன்னரே எழுதிவைப்பது நல்லது. அந்தச் சில நிமிடங்களில் எல்லாம் மறந்துபோகும்.

சாப்பாட்டில் சர்ச்சை நிச்சயம் வரும். பார்க்க வருகிறவர்கள் மால்ட் டின்னும் மேரி பிஸ்கட்டும் கொண்டுவந்து அடுக்குவார்கள், நீரிழிவு உள்ளவருக்கு அவை உகந்தவை அல்ல. இரத்தத்தில் சீனி கூடினால் காயம் ஆறவும் தாமதிக்கும், கிருமித் தொற்றும் எளிதில் பிடிக்கும். மறுபுறத்தில் ஊரிலிருந்து ஒரு மாமி கிரந்தி, அதாவது புண்ணை ஆறவிடாத சாப்பாடு, என்று சொல்லித் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிடுவார். புண் ஆறப் புரதம் வேண்டும், அதற்கு மீனும் முட்டையும் பருப்பும் நல்லவை. மாமியோடு வாதாடுவதில் பயனில்லை, அவர் முன்னிலையிலேயே வைத்தியரிடம் கேட்டுவிடுங்கள். என் அனுபவத்தில் இடியப்பமும் உறைப்பில்லாத மீன் சொதியும் சிறிது சிறிதாக இறங்கின. முதல் வாரங்களில் வாய்க்கு எதுவும் பிடிக்காமலிருப்பது வழமை, வற்புறுத்தாதீர்கள். கசாயம், குளிசை எதையும் வைத்தியரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

இரண்டாம் மூன்றாம் வாரங்களில் அவர் காரணமின்றி அழலாம், சிடுசிடுக்கலாம், வாசித்தது மனதில் நிற்கவில்லை என்று சொல்லலாம். பெரிய இருதயச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு பலருக்கு ஏற்படுவதுதான் இது. பார்க்க வந்த கூட்டம் அப்போது கலைந்துபோயிருக்கும், ஆகவே உங்கள் லீவை இப்போதே முழுவதும் எடுத்து முடிக்காமல் அந்த நாட்களுக்கு மிச்சம் பிடியுங்கள். அந்த வேளையில் புத்தி சொல்வதைவிட, கிரிக்கெட் ஸ்கோரைப் பேசிக்கொண்டு பக்கத்தில் மெதுவாக நடப்பது நல்லது. மனச்சோர்வு நீடித்தால் கிளினிக்கில் சொல்லத்தான் வேண்டும்.

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டயக்னோசிஸ் கார்ட்டை, அதாவது நோயும் சிகிச்சையும் எழுதிய அட்டையை, படம் எடுத்து உங்கள் கையடக்கத் தொலைபேசியிலும் வைத்திருங்கள். காய்ச்சல், காயத்தில் சீழ், நெஞ்செலும்பு சொடக்குப் போடுவது போன்ற உணர்வு, ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி நோவது ஆகியவற்றில் ஏதேனும் தெரிந்தால் உடனே காட்ட வேண்டும்; மூச்சுத் திணறினால் 1990 என்ற எண்ணில் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், அது இலவசம். நெஞ்செலும்பு பொருந்த 6 முதல் 8 வாரங்களாவது செல்லும், சிலருக்கு அதற்கும் கூட. அதுவரை தண்ணீர் வாளி தூக்குவதும் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதும் இல்லை. மட்டக்களப்புக்குத் திரும்புவது நீண்ட பயணம் என்பதால், போகலாமா என்று வைத்தியரிடம் கேட்டுக்கொண்டு, முடிந்தால் ரயிலில் கூட்டிக்கொண்டு போங்கள், அதில் இடைக்கிடை எழுந்து நடக்கலாம். அடுத்த கிளினிக்கைக் கொழும்பிலேயே காட்ட வேண்டுமா, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் காட்டினால் போதுமா என்பதையும் புறப்படுவதற்கு முன்பே கேட்டு, அதற்குரிய கடிதத்தைக் கையோடு வாங்கிவிடுங்கள்.