சிபிலிஸுக்கு ஊசி போட்டும் டிபிஹெச்ஏ டெஸ்ட் பாசிடிவ்னே வருதே, திரும்ப போட்டுக்கணுமா?

கடலூர் முதுநகர்லேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. உடம்பெல்லாம் தடிப்பு வந்து சிபிலிஸ்ங்கிற பால்வினை நோய்னு தெரிஞ்சு 24 லட்சம் யூனிட் பென்சதின் பென்சிலின் ஒரு தடவை போட்டாச்சு, அன்னிக்கு விடிஆர்எல் (மருந்து கேக்குதான்னு பாக்குற ரத்த டெஸ்ட்) 1:32, மூணாம் மாசம் புதுச்சேரில வேற லேப்ல ஆர்பிஆர்னு அதே மாதிரி இன்னொரு டெஸ்ட் பார்த்தா அதே 1:32, இப்ப ஆறாம் மாசம் பழைய லேப்லயே விடிஆர்எல் 1:8, ஆனா டிபிஹெச்ஏ (அந்தக் கிருமிக்கு எதிரா உடம்பு உண்டாக்குன எதிர்ப்புப் பொருளைப் பாக்குற டெஸ்ட்) இன்னும் பாசிடிவ், இன்னொரு ஊசி போட்டுக்கட்டுமா சார்னு.

வேணாம் தம்பி. உங்களுக்கு மருந்து நல்லாவே கேட்டிருக்கு.

இந்த 1:32, 1:8னு வர்ற டைட்டர்ங்கிறது என்னன்னா, சீரத்தை பாதி பாதியா கரைச்சுகிட்டே போயி எதுவரைக்கும் ரியாக்‌ஷன் தெரியுதுன்னு பாக்குறது. 32லேர்ந்து 16, அப்புறம் 8, இப்படி ரெண்டு படி இறங்குனாதான் இறங்குனதா அர்த்தம், உங்களுக்கு இறங்கிடுச்சு. ஒரு படி ஏறுறது இறங்குறது டெஸ்ட்லயே வர்ற வித்தியாசம், அதை நம்பி ஒண்ணும் முடிவு பண்ணக்கூடாது. மூணாம் மாசம் உங்களை தூங்கவிடாம பண்ணுச்சே அந்த 1:32, அதை விட்டுடுங்க, ஆர்பிஆர் பல நேரம் விடிஆர்எல்லை விட கொஞ்சம் கூடத்தான் காட்டும், ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்கவே கூடாது. அதே டெஸ்ட், முடிஞ்சா அதே லேப்.

டிபிஹெச்ஏ பெரும்பாலானவங்களுக்கு ஆயுசுக்கும் பாசிடிவ்தான், கிருமி செத்தாலும் உடம்பு அதை மறக்காது, அதுக்கு இனி காசு செலவு பண்ணாதீங்க.

அடுத்து 12ஆம் மாசம் ஒரு விடிஆர்எல் பாருங்க. (எச்ஐவி இருந்தா இன்னும் அடிக்கடி பாக்கணும், அரசாங்கத்தோட எச்ஐவி டெஸ்ட் மையமான நம்பிக்கை மையத்துல எச்ஐவி டெஸ்ட் இலவசம், இதுவரை பண்ணலைன்னா பண்ணிடுங்க.) சிலருக்கு 1:2, 1:4லயே வருஷக்கணக்கா நின்னுடும், அதுக்காக நோய் இருக்குன்னு அர்த்தமில்ல. ஆனா 8 திரும்ப 32 ஆச்சுன்னா புதுசா தொத்திருக்கலாம், இல்ல மருந்து பத்தலைன்னு இருக்கலாம், உடனே டாக்டரைப் பாருங்க. பார்வை மங்குனாலோ காது மந்தமானாலோ நம்பருக்காக காத்திருக்கவே வேணாம்.

எனக்கு கவலையெல்லாம் வேற. இவ்வளவு எழுதுனீங்க, வீட்டம்மாவுக்கு டெஸ்ட் எடுத்தீங்களான்னு ஒரு வரி இல்ல. அவங்களுக்கு இருந்து மருந்து போடாம விட்டா உங்களுக்கே திரும்ப வரும், மாசமா இருந்தாங்கன்னா குழந்தைக்கும் போகும். கூச்சப்படாம ரெண்டு பேருமா ஜிப்மர் தோல் நோய் ஓபிக்கோ அரசு ஆஸ்பத்திரில இருக்குற பால்வினை நோய்க்கான சுரக்‌ஷா கிளினிக்குக்கோ இந்த வாரமே போங்க, அதுவரைக்கும் காண்டம் இல்லாம வேணாம்.