மீன் தொட்டியில லக்கி பேம்பூ: கேட்டதும் சொன்னதும்

சென்னை கொளத்தூர்ல மொட்டை மாடியில தொட்டி போட்டு கப்பி, மோலி மீனுங்களை வளர்த்து விக்கிறேன். போன வாரம் மூங்கில் செடி போட்டோ ஒண்ணு போட்டதுல இருந்து கேள்வியா வந்துட்டு இருக்கு. எல்லாத்துக்கும் கேட்டவங்க ஏரியா பேரோட இங்கயே பதில் சொல்லிடறேன்.

வியாசர்பாடி: அண்ணே, மூர் மார்க்கெட்ல லக்கி பேம்பூ வாங்கி, ரெண்டடி தொட்டியில முழுசா முக்கி வெச்சேன். ஒரு மாசம் சூப்பரா இருந்துச்சு. இப்ப இலை கொழகொழன்னு ஆவுது. மீனுக்கு எதுனா ஆவுமா?

ஆகும் தம்பி, இன்னைக்கே வெளிய எடு. பேருதான் பேம்பூ, இது மூங்கிலே இல்ல. மூங்கில் புல் வகை. நீ வாங்கினது டிரசீனா சாண்டெரியானா, மத்திய ஆப்பிரிக்கக் காட்டு நிழல்ல வளர்ற நிலத்துச் செடி. வேரும் தண்டோட அடிப்பாகமும் தண்ணியில கிடக்கலாம், ஆனா இலைக்குக் காத்து வேணும். முழுசா முக்கினா தண்டுல சேர்த்து வெச்ச சத்தை வெச்சு கொஞ்ச நாள் தாக்குப் பிடிக்கும். அதைப் பார்த்துதான் சில கடைக்காரங்க "தண்ணிச் செடிதான் சார்"னு சத்தியம் பண்றாங்க. அப்புறம் அழுகும், தண்ணியில அம்மோனியா ஏறும், மீன் மேல வந்து வாயைப் பொளக்கும்.

தண்டை அழுத்திப் பாரு. கெட்டியா பச்சையா இருந்தா பொழைக்கும். கொழகொழ இலையைக் கிள்ளிட்டு, இலை முளைக்கிற இடம் தண்ணிக்கு மேல வர்ற மாதிரி நட்டுடு. மஞ்சளாகி மெத்துனு இருந்தா தூக்கிப் போட்டுடு, பக்கத்துத் தண்டுக்கும் பரவும். ரெண்டடி தொட்டின்னா உயரம் பெரும்பாலும் ஒரு அடிதான் இருக்கும், அதனால ஒன்றரை அடிக்குக் குறையாத தண்டா வாங்கு. மூடியில ஒரு ஓரம் வெட்டி வழி விட்டா போதும். கட்டி வர்ற ஜிகினாக் கம்பி, ரிப்பன், கூட வர்ற கலர் ஜெல்லி உருண்டை எதுவும் தொட்டிக்குள்ள போகக் கூடாது.

மணலி: போர் தண்ணிதான் சார் ஊத்துறோம். இலை நுனியெல்லாம் பழுப்பா கருகுது. கண்ணாடியில வெள்ளையா படியுது.

வெள்ளையா படியுதுன்னா தண்ணியில உப்பும் சுண்ணாம்பும் ஜாஸ்தி. மீஞ்சூர் பக்கமெல்லாம் கடல் தண்ணி நிலத்தடியில ஏறி பல வருஷமாச்சு, உங்க ஏரியா போர் தண்ணி எப்படி இருக்கும்னு நான் சொல்லணுமா? இந்தத் தண்ணியில மோலி ஜம்முனு இருக்கும், ஆனா டிரசீனாவுக்கு உப்பு ஆகாது. முடிஞ்சா மெட்ரோ வாட்டர் ஊத்துங்க. 2010-ல காட்டுப்பள்ளி ஆலையில கடல் தண்ணியைக் குடிதண்ணியாக்கி வடசென்னைக்கு அனுப்ப ஆரம்பிச்சாங்க, போரோட ஒப்பிட்டா மெட்ரோ வாட்டர்ல உப்பு ரொம்பக் கம்மி. குழாய்த் தண்ணின்னா குளோரின் இருக்கும். வாளியில பிடிச்சு ஏர் மோட்டார் போட்டு ஒரு நாள் விடுங்க, இல்லன்னா குளோரினை முறிக்கிற ஆன்டி குளோரின் மருந்து ஊத்துங்க. தண்ணியை ஒரேயடியா மாத்தினா மீன் தாங்காது, வாரா வாரம் கால் தொட்டி அளவு மாத்திட்டு வாங்க.

கருகின நுனி திரும்பப் பச்சையாகாது. புதுசா வர்ற குருத்து எப்படி இருக்குன்னு மட்டும் பாருங்க. அப்புறம் ஜன்னல் வெயில் நேரா இலையில பட்டாலும் இதே மாதிரி கருகும்.

பெரம்பூர்: இந்தச் செடி இருந்தா தண்ணியே மாத்த வேணாமாமே?

அப்படிச் சொன்ன கடையில மறுபடி எதுவும் வாங்காதீங்கம்மா. மீன் கழிவுல வர்ற அம்மோனியாவை பில்டர்ல இருக்கிற பாக்டீரியா கடைசியா நைட்ரேட்டா மாத்தும். செடி அந்த நைட்ரேட்டுல கொஞ்சத்தை உறிஞ்சும், அவ்ளோதான். லக்கி பேம்பூ மெதுவா வளர்ற செடி, அதால ரொம்ப இழுக்க முடியாது. இந்த வேலைக்கு மணி பிளாண்ட் கொடியை வேர் மட்டும் நனையுற மாதிரி தொங்க விட்டா இதை விட நல்லாவே இழுக்கும்.

ராயபுரம்: வேர் ஆரஞ்சு கலர்ல இருக்கு அண்ணே, நோயா?

இல்ல, அதோட நிறமே அதுதான். கறுத்து நாறினாத்தான் பிரச்சினை. பில்டர் வாய்க்குள்ள வேர் போகாம அப்பப்ப வெட்டி விடுங்க.

தண்டையார்பேட்டை: கல்யாணத்துல பூ ஜாடி ஒண்ணு கிப்ட் வந்துச்சு. மேல மூங்கில், கீழ ஃபைட்டர் மீன். அப்படியே வெச்சுக்கலாமான்னு அக்கா கேக்குறாங்க.

வேணாம். ஃபைட்டர் மேல வந்து காத்தை நேரா சுவாசிக்கிற மீன். ஜாடி வாயைத் தண்டும் வேரும் அடைச்சா அதுக்கு மூச்சு முட்டும். வேரைத் தின்னு பொழைச்சுக்கும்னு சொல்றதும் பொய், அது புழு பூச்சி தின்ற மீன். அக்காவைப் பத்து லிட்டருக்குக் குறையாத தொட்டிக்கு மீனை மாத்தச் சொல்லுங்க. மீனை மாத்தினதும் அந்த ஜாடித் தண்ணியை வாரத்துக்கு ரெண்டு தடவை மாத்தி, உள்பக்கம் தேய்ச்சுக் கழுவணும். டெங்கு கொசு முட்டை போட அந்தத் தண்ணி போதும்.

கொருக்குப்பேட்டை: மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய். கல் உப்பு போடலாமா, செடி இருக்கே?

செடியை எடுத்து வாளியில வெச்சுட்டுப் போடுங்க. மெத்திலீன் ப்ளூ மருந்து ஊத்துறதா இருந்தா மீனைத் தனி டப்புக்கு மாத்திடுங்க, அது பில்டர் பாக்டீரியாவையும் காலி பண்ணும்.

திருவொற்றியூர்: 2023 மிக்ஜாம் புயல்ல நாள் கணக்கா கரண்ட் இல்லாம பாதி மீன் போச்சு. மூங்கில் வெச்சா ஆக்சிஜன் குடுக்கும்னு ஃப்ரெண்டு சொல்றான்.

இலை வெளிய இருக்கு ப்ரோ, அது விடுற ஆக்சிஜன் உங்க ஹாலுக்குத்தான் போகும். தண்ணிக்குள்ள இருக்கிற வேர் ஆக்சிஜனை எடுக்கத்தான் செய்யும். புயல் அறிவிப்பு வந்தா பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு வாங்கி வெச்சுக்கோங்க. கரண்ட் போனதும் தீனியை நிறுத்துங்க. பம்ப் இல்லன்னா மக்கால மொண்டு உயரத்துல இருந்து ஊத்திக்கிட்டே இருக்கணும், வேற வழி கிடையாது.

எருக்கஞ்சேரி: வீட்ல பூனை இருக்கு. அது இலையைக் கடிக்குது.

டிரசீனா பூனைக்கும் நாய்க்கும் நஞ்சு. வாந்தி எடுக்கும், எச்சில் ஒழுகும். மூடி இல்லாத தொட்டின்னா இந்தச் செடியே வேணாம், தண்ணிக்குள்ளயே இருக்கிற அனுபியாஸ் இல்லன்னா ஜாவா ஃபெர்ன் செடியை மரக்கட்டையில கட்டி விடுங்க. ஏற்கனவே நிறைய தின்னிருந்தா டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போங்க.

மூலக்கடை: எத்தனை குச்சி வெச்சா ராசி?

ரெண்டடி தொட்டின்னா மூணு. அதுக்கு மேல வெச்சா வேர் பின்னிக்கிட்டு, அடியில சேர்ற குப்பையை சைஃபன் குழாய் போட்டு எடுக்க முடியாது.